விளக்கு உற்பத்தியாளர்களின் ‘கான்ஃபிகரேட்டர்’: ‘பொருத்தமைப்பி’ என்னும் சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய விளக்கின் அளவு, நிறம், உறுப்புகளைத் தாமே குறித்து ஆர்டர் செய்ய, விளக்கு உற்பத்தியாளர்கள் தங்கள் இணையதளத்தில் வைக்கும் ‘கான்ஃபிகரேட்டர்’ என்ற மென்பொருளுக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ‘உள்ளமைப்பி’, ‘தெரிவமைப்பி’, ‘கூட்டமைப்பி’ என மூன்று சொற்கள் வந்தன; முன்மொழிந்தவர்களுக்கு நன்றி. இத்தகைய மென்பொருளை ஒரு நிறுவனம் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை விளக்கும் கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். எழுத எழுத, இம்மூன்றும் அந்தக் கருவியின் வெளித்தோற்றத்தை மட்டும் தொட்டு, அதன் உயிரான வேலையை விட்டுவிடுகின்றன என்ற எண்ணம் வலுத்தது.

அந்த வேலை எது என்பதை ஒரு டவுன்லைட்டை, அதாவது கூரையிலிருந்து கீழ்நோக்கி ஒளிவீசும் விளக்கை, வைத்தே பார்க்கலாம். ஒளி மஞ்சள் சார்ந்ததா நீலம் சார்ந்ததா என்பதைக் குறிக்கும் நிறவெப்பநிலை 2700, 3000, 4000, 6500 கெல்வின் என நான்கு. பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ மதிப்பு 80, 90 என இரண்டு. ஒளிக்கற்றையின் கோணம் 15, 24, 36, 60 பாகை என நான்கு. எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் டிரைவர், மங்கலாக்க வசதி இல்லாதது, ஃபேஸ்கட் (சுவரிலுள்ள மங்கலாக்கியால் மங்குவது), டாலி (எண்முறைக் கட்டளையால் மங்குவது) என மூன்று வகை. உடலின் நிறம் மூன்று. பெருக்கினால் ஒரே விளக்கு 288 வடிவங்களாகப் பெருகுகிறது. ஆனால் 288-ம் விற்பனைக்கு உரியவை ஆகா. 6500 கெல்வினில் 90 சிஆர்ஐ உள்ள எல்இடியை அந்த நிறுவனம் வாங்குவதே இல்லாமல் இருக்கலாம். டாலி டிரைவர் சற்றே பெரியதாக இருந்து அந்த உடலுக்குள் அடங்காமல் போகலாம். நீள விளக்குகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 50 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டுக்குறி உள்ள எல்இடி பட்டையை 1,230 மில்லிமீட்டரில் வெட்ட முடியாது. 1,200-க்கு இறங்க வேண்டும், இல்லையேல் 1,250-க்கு ஏற வேண்டும். எது எதனோடு சேரும், எது சேராது என்று அறிந்து, சேராததை வாடிக்கையாளர் கேட்கும்போதே தடுத்து, சேர்வதற்கு மட்டும் ஆர்டர் எண்ணும் விவரத்தாளும் தருவதுதான் இந்தக் கருவியின் பணி.

இது புதிய கருத்தன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்டர்மாட் 1978-இல் எழுதத் தொடங்கிய ‘ஆர்1’ என்ற நிரல், பின்னர் ‘எக்ஸ்கான்’ என்ற பெயரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினி ஆர்டர்களைச் சரிபார்த்தது. விற்பனையாளர் எழுதித் தந்த ஆர்டரில் விடுபட்ட கேபிளையும், ஒன்றோடொன்று ஒத்துவராத உறுப்புகளையும் கண்டுபிடித்துத் திருத்த அதற்கு ஆயிரக்கணக்கான விதிகள் இருந்தன. கான்ஃபிகரேட்டர் தொடக்கத்திலிருந்தே விதி பார்க்கும் கருவி. பட்டியலிலிருந்து எடுத்துக்கொடுப்பது அதற்கு இரண்டாம் வேலைதான்.

இந்த அளவுகோலில் மூன்று சொற்களையும் வைத்துப் பார்த்தேன். ‘உள்ளமைப்பி’ என்பது மென்பொருள்களின் ‘உள்ளமைவு’ என்ற சொல்லை அடியொற்றியது. ஒரு தொழிற்சாலைக்குத் திரைச்சொற்களை மொழிபெயர்த்தபோது நானே இதைப் பயன்படுத்தினேன். விற்பனைப் பிரிவினர் அதை இயந்திரத்துக்குள் இருக்கும் ஏதோ அமைப்பு என்றும், பொறியாளர் மட்டுமே தொட வேண்டியது என்றும் எண்ணி, அந்தப் பொத்தானை அழுத்தாமலே பல வாரங்களைக் கழித்துவிட்டார்கள். ‘கூட்டமைப்பி’ என்றவுடன் சங்கங்களின் கூட்டமைப்பு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ‘தெரிவமைப்பி’ அழகான சொல். ‘தேர்வு’ என்றால் பரீட்சை நினைவுக்கு வரும் இடர் ‘தெரிவு’ என்பதில் இல்லை. ஆனால் இருப்பதிலிருந்து பொறுக்கியெடுக்கும் வடிகட்டிக்கும், இன்னும் செய்யப்படாத விளக்கை உருவாக்கிக் காட்டும் இந்தக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டவில்லை. மென்பொருள் வாங்கும் நிறுவனங்கள் தவறுவதும் இந்த இடத்தில்தான்: வடிகட்டிக்குக் கான்ஃபிகரேட்டரின் விலையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எனவே ‘பொருத்தமைப்பி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பொருந்துதல் ஒத்துப்போவது, பொருத்துதல் உறுப்புகளைச் சேர்த்து மாட்டுவது. கருவியின் இரண்டு வேலைகளும் ஒரே வேரில் கிடைக்கின்றன. ‘பொருத்தம்’ என்றால் திருமணப் பொருத்தம் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். அதை நான் குறையாகக் கருதவில்லை. விதிகளை வைத்து இணையைச் சோதிப்பது பொருத்தம் பார்த்தல் என்று தமிழர் எல்லோருக்கும் தெரியும். சில பொருத்தங்கள் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், ரஜ்ஜு இல்லாவிட்டால் கூடாது என்று சொல்வார்கள். விளக்கிலும் உடலின் நிறத்துக்கு மாற்று சொல்லலாம், டிரைவரின் மின்னோட்டம் எல்இடிக்கு ஒவ்வாவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

புணர்ச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பொருத்தம்’ என்ற பெயரோடு ‘அமைப்பி’ சேர்ந்தால், மரம் + அடி மரவடி ஆவதுபோல, ‘பொருத்தவமைப்பி’ என்றுதான் வர வேண்டும். நான் கொள்வது ‘பொருத்து’ என்ற வினையடியை. அதன் ஈற்று உகரம் கெட்டுப் ‘பொருத்தமைப்பி’ ஆகிறது. ‘பொருத்தம்’ காதில் தானாகவே ஒலிக்கும்.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: கருவி உருவாக்கித் தரும் வடிவம் ‘பொருத்தமைவு’, அதை ஆளும் விதிகள் ‘பொருத்த விதிகள்’. கையேட்டின் முதல் கேள்வியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: “பொருத்த விதிகளை உங்கள் தயாரிப்புப் பிரிவினரே, நிரலாளரின் உதவியின்றி, எழுதவும் திருத்தவும் முடியுமா?” இரண்டாவது: “ஒவ்வொரு பொருத்தமைவுக்கும் உரிய ஒளிப்பரவல் கோப்பை, ஐஇஎஸ் அல்லது யூலும்டாட் வடிவில், கருவி அப்போதே தருமா?” சிஆர்ஐ 80-லிருந்து 90-க்குப் போனால் ஒளியின் அளவான லூமன் குறையும், கோணம் மாறினால் ஒளிப்பரவலின் வடிவமே மாறும். 288 வடிவங்களுக்கும் ஒரே கோப்பைத் தரும் கருவியை நம்பி டயலக்ஸ் என்ற ஒளியமைப்பு மென்பொருளில் கணக்கிடும் வடிவமைப்பாளருக்குப் பிழையான விடையே கிடைக்கும். இந்தக் கேள்விகளில் ‘உள்ளமைவு’ என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். பொருள் உடனே மங்கிவிடுகிறது.

வேதியியலில் வரும் ‘எலக்ட்ரான் கான்ஃபிகரேஷன்’ இலங்கைப் பாடநூல்களில் ‘இலத்திரன் நிலையமைப்பு’ என்று வழங்குவதை இச்சொல் தொடவில்லை. அது வேறு பொருள், அப்படியே இருக்கட்டும். ‘பொருத்தமைப்பி’ உங்கள் துறையில் ஏற்கெனவே வேறொன்றைக் குறிப்பதாக இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடலாம்.

அன்புடன்.