எல்இடி எரிந்த பிறகு என்ன செய்வது? யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஒரு சின்ன அறிவியல் மன்றம் நடத்துகிறோம். ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகையில் எல்இடி மினுக்கும் வரை செம உற்சாகம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட் பேட்டரியில் மாட்டி, அது பட்டென்று அணைந்துபோனால் அதற்கும் கைதட்டல்! அதன் பிறகுதான் சிக்கல். அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள்.

செய்முறையை வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பதால் அலுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். விடை யாருக்கும் தெரியாத கேள்வி கையில் இருந்தால் நிற்பார்கள். 2007இல், பொதுமக்கள் இணையம் வழியாகப் பங்கேற்கும் கேலக்ஸி ஸூ என்ற வானியல் திட்டத்தில் விண்மீன் மண்டலப் படங்களை வகைப்படுத்திய ஹன்னி வான் ஆர்கெல் என்ற பள்ளி ஆசிரியை, வானியலாளர்களே பார்த்திராத ஒரு பச்சை வாயுத் திரளைக் கண்டுபிடித்தார். இதைச் சொன்ன அன்று யாருமே வீட்டுக்குக் கிளம்பவில்லை.

அதுபோல, பிள்ளைகளே தரவு சேகரித்துப் பல வாரம் தொடரக்கூடிய வேலை ஏதாவது நடத்தியிருக்கிறீர்களா? மண் ஈரப்பதம், இரைச்சல் அளவு, பறவைக் கணக்கு, எதுவானாலும் சரி. விலை உயர்ந்த கருவி மட்டும் வேண்டாம். அப்புறம், பெண் பிள்ளைகள்தான் முதலில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைத் தக்கவைத்த அனுபவம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.