கிட்ஹப்பில் புஷ் ஆகவில்லை, அவசரம்

திருமங்கலத்துத் தம்பி: வணக்கம். நிரல்களைச் சேர்ந்து எழுதும் கிட்ஹப் தளத்தில் தமிழ் எழுத்துப்பிழை திருத்தி ப்ராஜெக்ட் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். ரைட் (எழுதும்) பெர்மிஷன் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் என் மாற்றங்களைத் தளத்தில் ஏற்றப் புஷ் செய்தால் ரிஜெக்ட் ஆகிறது. நேற்றுவரை நன்றாகத்தான் போனது. யாராவது உடனே சொல்லுங்கள்.

மாசிவீதி மணி: என்ன எரர்? எந்த பிராஞ்ச் (கிளை)? வருவதை அப்படியே ஒட்டுங்கள். ரிஜெக்ட் என்று மட்டும் சொன்னால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கோரிப்பாளையத்தான்: பாஸ்வேர்டு போட்டுத்தானே புஷ் செய்கிறீர்கள்? 2021 ஆகஸ்டிலேயே கிட்ஹப் அதை நிறுத்திவிட்டது. பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் டோக்கன் எடுங்கள், வேலை முடிந்தது.

மேலூர் அக்கா: நேற்றுவரை போனது என்கிறாரே. காலேஜ் லேப் கம்ப்யூட்டரா தம்பி? முன்னால் உட்கார்ந்தவருடைய கணக்கு விண்டோஸில் சேமித்துக் கிடந்தால் 403, அதாவது அனுமதி இல்லை என்ற எரர், வரும்.

பழைய சர்வர்: பங்களிப்பு விதிகள் உள்ள கான்ட்ரிபியூட்டிங் கோப்பைப் படித்துவிட்டுக் கேட்கும் வழக்கமே போய்விட்டது. சப்வெர்ஷன் என்ற பழைய மென்பொருள் காலத்தில் பேட்ச் (திருத்தம்) அனுப்பி அனுப்பிக் கை தேய்ந்த பிறகுதான் கமிட் உரிமை, அதாவது நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை. இப்போது வந்தவர் போனவருக்கெல்லாம் சாவி.

திருமங்கலத்துத் தம்பி: சொந்த லேப்டாப்தான் அக்கா. டோக்கனும் இருக்கிறது. மெயின் பிராஞ்ச், முதன்மைக் கிளை. "ஜிஎச்006", "ப்ரொடெக்டட் பிராஞ்ச் ஹுக் டிக்ளைன்ட்" என்று வருகிறது.

மாசிவீதி மணி: இதை முதலிலேயே ஒட்டியிருக்கலாம். உங்கள் உரிமை அப்படியேதான் இருக்கிறது, மெயினை யாரோ பூட்டியிருக்கிறார்கள். நிற்கிற இடத்திலிருந்தே புது பிராஞ்ச் போடுங்கள், கமிட் (நீங்கள் பதிந்த மாற்றம்) கூடவே வரும். அதைப் புஷ் செய்து, மெயினில் சேர்க்கச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் கொடுங்கள். சரி, நேற்று என்ன நடந்தது?

திருமங்கலத்துத் தம்பி: சொற்பட்டியல் இருக்கும் .டிக் கோப்பில் ஜிகர்தண்டா, பருத்திப்பால், கறிதோசை சேர்த்தேன். ஒரு அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ரிவர்ட் செய்தார், பழையபடி ஆக்கிவிட்டார். திரும்பப் போட்டேன். திரும்ப எடுத்தார். மறுபடியும் போட்டேன்.

மேலூர் அக்கா: அப்புறம் பூட்டாமல் என்ன செய்வார்கள்!

கோரிப்பாளையத்தான்: ஜிகர்தண்டாவையா எடுத்தார்? அவரை மதுரை விளக்குத்தூண் ஜிகர்தண்டா கடைக்குக் கூட்டி வாங்கப்பா.

பழைய சர்வர்: வட்டாரத் தின்பண்டமெல்லாம் பொது அகராதியில் எதற்கு?

கோரிப்பாளையத்தான்: பீட்சா இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய சர்வர்: பேச்சை மாற்றாதீர்கள். பராமரிப்பவர் எடுத்தால் எடுத்ததுதான்.

மேலூர் அக்கா: எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அப்பாச்சி என்ற மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் ஒரு கமிட்டை எதிர்த்து மைனஸ் ஒன்று, அதாவது மறுப்பு வாக்கு, போடலாம். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாவிட்டால் அது செல்லாது. ரிவர்ட் செய்பவர் ஏன் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவார்? தம்பி, நீங்களும் முதல் ரிவர்ட்டுக்கே இஷ்யூ என்ற விவாதப் பதிவு திறந்து கேட்டிருக்கலாம். மல்லுக்கு நிற்க மெயின்தானா கிடைத்தது?

மாசிவீதி மணி: அந்தக் கமிட்டைத் தேடிப் பார்த்தேன். எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் மென்பொருளில் .டிக் கோப்பின் முதல் வரி சொல் எண்ணிக்கை. ஏறக்குறைய இருந்தாலும் போதும், ஆனால் எண்ணாக இருக்க வேண்டும். உங்கள் கோப்பில் அதற்கும் மேலே ஜிகர்தண்டா உட்கார்ந்திருக்கிறது. அகராதியே லோட் ஆகாது. எடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

மேலூர் அக்கா: அதை அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!

திருமங்கலத்துத் தம்பி: ஜிகர்தண்டாவை எண்ணுக்குக் கீழே இறக்கி புல் ரிக்வெஸ்ட் போட்டாச்சு. நன்றி அண்ணே.

பழைய சர்வர்: இதெல்லாம் கான்ட்ரிபியூட்டிங் கோப்பிலேயே இருக்கிறது.

கோரிப்பாளையத்தான்: எந்த வரியில் என்று காட்டுங்கள். பீட்சாவுக்கும் இன்னும் பதில் வரவில்லை.