உறைந்த ஏரியில் தூண்டில் போட்டவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

பொல்கொட ஏரியில் சிறுவயது முதல் தூண்டில் போட்டவன் நான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எங்கே ஆழம், எங்கே சேறு என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணை நம்பி, உறைந்த சிம்கோ ஏரியின் மேல் நடந்ததனால் எனக்கு நேர்ந்ததை, குளிர்காலத்தில் கனடாவுக்குப் போகவிருக்கும் நம்மவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அது ஒரு பெப்ரவரி மாதம். ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன், ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள அந்த ஏரிக்கு என்னை அழைத்துச் சென்றார். வெள்ளை வெளியில் மீன்பிடிப்பவர்களின் சிறு குடில்களும் அவற்றின் அருகே வாகனங்களும் நின்றன. வாகனமே நிற்கும்போது மனிதன் நடப்பதற்கு என்ன பயம் என்றுதான் நினைத்தேன். மருமகனோ நம் ஊர் அலவாங்கு போன்ற ஓர் இரும்புக் கம்பியால் முன்னே குத்திக் குத்தியே நடந்தார். சிறிது தூரத்துக்கு ஒரு தடவை நின்று, துளைத்து, தடிப்பை அளந்தார். நீலம் கலந்த தெளிவான பனிக்கட்டி 10 சென்ரிமீற்றர் இருந்தால் ஒருவரைத் தாங்கும். ஆனாலும் கனடாவில் 15 இருந்தால்தான் நடக்கலாம் என்றும், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 25 வேண்டும் என்றும் சொல்லுகிறார்கள். பால் போல வெளுத்த பனிக்கட்டிக்கு அதில் பாதி பலந்தான் உண்டு.

மாலையாகும்போது சில பேர்ச் மீன்கள் கிடைத்திருந்தன. கரையோர நாணலைப் படம் எடுக்க விரும்பி, நாங்கள் வந்த தடத்தை விட்டு முப்பது அடி போலத்தான் விலகினேன். அங்கே ஓர் ஓடை ஏரியில் கலக்கிறது என்பது பனி மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமாகி அடியில் தங்கும். அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. ஓடும் நீர், பனிக்கட்டியைவிடச் சூடான அந்த அடிநீரைக் கிளப்பிவிட்டுப் பனிக்கட்டியைக் கீழிருந்து கரைக்கிறது. மேலே கிடக்கும் பனியும் போர்வைபோல் குளிரை உள்ளே விடாமல் தடுத்து, அது தடிப்பாவதைத் தாமதப்படுத்துகிறது. இவையெல்லாம் பிறகு அறிந்தவை. அன்று எந்த வெடிப்புச் சத்தமும் கேட்கவில்லை; வலது கால் இறங்கியது, அடுத்த கணம் மார்பு வரை தண்ணீர்.

குளிர் என்ற உணர்வு முதலில் வரவே இல்லை. மூச்சுத்தான் என் வசத்தில் இல்லாமல் வாய் திறந்து திறந்து இழுத்தது. மருமகன் என்னிடம் ஓடி வரவில்லை. இருபது அடி தள்ளிக் குப்புறப் படுத்துக்கொண்டு, "மாமா, மூச்சை மட்டும் பாருங்கோ! வந்த பக்கம் திரும்புங்கோ!" என்று கத்தினார். அவர் ஓடி வந்திருந்தால் இருவருமே உள்ளே போயிருப்போம். காலையில் அவர் வற்புறுத்தி என் கழுத்தில் மாட்டிவிட்ட, கயிற்றால் இணைத்த இரண்டு ஆணிக் கட்டைகள் அப்போது கைக்கு வந்தன. வந்த பக்கத்துப் பனிக்கட்டிதான் சற்று முன்பு வரை என்னைத் தாங்கியது. அதில் ஆணிகளைக் குத்தி, நீந்துவதுபோல் கால்களைப் பின்னால் உதைத்து, வயிற்றால் ஏறினேன். எழுந்து நிற்காமல் உருண்டே விலகி, அவர் எறிந்த கயிற்றைப் பிடித்தேன்.

குளிர் உடலை எப்படித் தாக்குகிறது என்று ஆராய்ந்த, மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று விளக்குகிறார்: மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் பதறிக் கையை வீசாதிருந்தால் மற்ற இரண்டும் நம்மிடம் இருக்கின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நோர்வேயில் அண்ணாவின் குடும்பத்தோடு இரண்டு குளிர்காலம் இருந்தேன். அங்கே பல ஏரிகள் மின்சாரத்துக்காகத் தேக்கியவை. நம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மட்டம் இறங்கும்போது கரைச்சேறு தெரியுமல்லவா? அங்கேயும் மட்டம் அதேபோல் இறங்கும். ஆனால் மேலே உறைந்த தட்டு கரையைப் பற்றியபடி, அடியில் தண்ணீரின் தாங்குதல் இன்றி அந்தரத்தில் நிற்கும். நடு ஏரி உறுதியாக இருந்தும் கரையில் கால் வைத்தவுடன் தட்டு உடைந்து அண்ணாவின் நண்பர் முழங்கால் வரை விழுந்ததை நான் நேரில் கண்டேன். அன்று முதல், அந்த ஏரியை அறிந்த உள்ளூர்வாசி ஒருவரிடம் கேட்காமல் அண்ணா எங்களை இறங்க விட்டதில்லை.

தெஹிவளையிலிருந்து:

குடிலுக்குள்ளும் ஆபத்து உண்டு. காஸ் ஹீற்றரை எரியவிட்டுக் காற்றுத்துளையைத் துணியால் அடைத்திருந்தோம். தலையிடியும் குமட்டலும் வந்தபோது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தோம்; கதவைத் திறந்து வெளியே வந்த பிறகுதான் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுதான் காரணம் என்று விளங்கியது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்:

தங்கையின் மகன் வரும் ஜனவரியில் போகிறான். பழைய தும்புத்தடியின் கட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஆணி இறக்கி, முனையைக் கூராக ராவி, கயிறு கோத்துக் கொடுத்திருக்கிறேன். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடச் சொன்னேன். நேற்று மாலை விறாந்தையில் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, காலை உதைப்பதையும் கையால் இழுத்து ஏறுவதையும் எழாமல் உருள்வதையும், நான் சொல்லாமலே ஒழுங்காகச் செய்யும் வரை பழக்கினேன்.