நைரோபி – ஜோகன்னஸ்பர்க்: போக மூன்று மணி, திரும்ப ஐந்து மணியா?

திருமங்கலத்துக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். நைரோபியில் கணக்காளராக இருக்கும் என் தம்பி, அடுத்த மாதம் அலுவல் நிமித்தமாக ஜோகன்னஸ்பர்க் சென்று வரவிருக்கிறான். அவன் அனுப்பிய பயணச்சீட்டின்படி, காலை 7.30-க்குப் புறப்படும் விமானம் 10.40-க்கு இறங்குகிறது, திரும்பும்போதோ பிற்பகல் 1.00 மணிக்குக் கிளம்பி மாலை 6.05-க்குத்தான் சேர்கிறது. வரும் வழியில் அது வேறெங்கேனும் நின்று வருகிறதா? இரண்டு ஊர்களுக்கும் தொலைவு எவ்வளவு? மகன் எந்நேரம் வானத்தில் இருப்பான் என்று அம்மா என்னைத் துளைத்தெடுக்கிறார்.

மேலூர் வாசகர்:
எதிர்க்காற்றுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் தில்லியிலிருந்து லண்டன் சென்றபோது, போக ஆன நேரம் திரும்பி வர ஆகவில்லை.

ஆண்டாள்புரத்து ஆசிரியர்:
மேலூர் நண்பர் சொல்வது கிழக்கு மேற்காக நெடுந்தொலைவு பறக்கும் தடங்களுக்குச் சரி. இந்த வழி பெரும்பாலும் வடக்கு தெற்காகச் செல்வதால், காற்றினால் இரண்டு மணி நேர வேறுபாடு வராது. பயணச்சீட்டில் அச்சிடுவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். நைரோபியின் கடிகாரம் ஜோகன்னஸ்பர்க்கைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. எனவே போகும்போது ஒரு மணி நேரத்தைக் கூட்டியும் வரும்போது கழித்தும் பார்த்தால், முறையே 4 மணி 10 நிமிடமும் 4 மணி 5 நிமிடமும் வருகின்றன. விமானம் எங்கும் நிற்கவில்லை ஐயா.

வான்வழித் தொலைவு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு நேர்கோடு இழுத்தாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும். தரைவழியாகச் செல்வதானால் தான்சானியா, ஜாம்பியா எனப் பல எல்லைகளைக் கடந்து சுமார் 4,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

அம்மாவுக்கு நம் நேரத்தில் சொல்லிவிடுங்கள். நைரோபி நம்மைவிட இரண்டரை மணியும், ஜோகன்னஸ்பர்க் மூன்றரை மணியும் பின்தங்கியவை. போகும் நாளில் நம் காலை 10.00 முதல் பிற்பகல் 2.10 வரையும், திரும்பும் நாளில் மாலை 4.30 முதல் இரவு 8.35 வரையும் தம்பி வானத்தில் இருப்பார். கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் அவ்விரு நாடுகளிலும் இல்லை என்பதால், எந்த மாதத்திலும் கணக்கு இதுவே.

மேலூர் வாசகர்:
திருத்தியதற்கு நன்றி. ஆனால் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றரை மணிக்குள் போய்விடலாமே?

ஆண்டாள்புரத்து ஆசிரியர்:
அந்த வேகம் உயரத்தை எட்டிய பிறகுதான். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குமுன் வேகத்தைக் குறைப்பதும் அரை மணிக்கு மேல் தின்றுவிடும். இன்னொரு செய்தி: இரு விமான நிலையங்களும் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் விமானம் நெடுந்தூரம் ஓடித்தான் எழ வேண்டும் என்பதால், இரண்டிலும் 4 கிலோமீட்டரைத் தாண்டும் ஓடுபாதைகள் உண்டு. நம் மதுரையில் இருப்பது 2.3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

உசிலம்பட்டி வாசகர்:
தொலைவையும் நேரத்தையும் பார்த்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கென்யாவிலிருந்து வருவோரிடம் தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். தம்பியிடம் இருக்கிறதா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

திருமங்கலத்துக்காரர்:
அனைவருக்கும் நன்றி. சான்றிதழ் அவனிடம் இருக்கிறதாம். அம்மாவின் தினசரி நாட்காட்டியில் இரண்டு தேதிகளிலும் நம் நேரத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டேன்.