'எ ரன் ஃபார் யுவர் மனி' படத்துக்கு சப்டைட்டில் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. ஈலிங் ஸ்டூடியோ 1949-இல் எடுத்த இந்தக் காமெடிக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? சார்லஸ் ஃப்ரெண்ட் இயக்கியது. எங்கள் திரைப்பட வட்டத்தில் திரையிட ஆசை.

டை, டூம் என்று வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் இரண்டு பேர். பத்திரிகை ஒன்றின் பரிசாகப் பணமும் ட்விக்கன்ஹாம் ரக்பி மேட்ச் டிக்கெட்டும் கிடைத்து லண்டனுக்கு ரயிலேறுகிறார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் தொலைகிறார்கள். வெள்ளந்தி டையின் பணத்துக்கு ஒரு பெண் வலை விரிக்கிறாள். டூமோ, ஹார்ப் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பழைய ஊர்க்காரக் குடிகாரரிடம் மாட்டிக்கொள்கிறான் (ஹியூ க்ரிஃபித், பிரமாதம்!). இவர்களைக் கவனிக்கப் பத்திரிகை அனுப்புவது தோட்டக்கலைப் பத்தி எழுதுபவரை. அது அலெக் கின்னஸ். அதே வருஷம்தான் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்' படத்தில் எட்டு வேடம் போட்டார். எனக்கென்னவோ இந்த ஒற்றை வேடம்தான் அதிகம் பிடிக்கும்.

சிக்கல் வேல்ஸ் உச்சரிப்புதான். நடுநடுவே வெல்ஷ் மொழியும் வருகிறது, பாதி வசனம் பிடிபடவில்லை. எஸ்ஆர்டி ஃபைல் (வசனமும் அது திரையில் வரவேண்டிய நேரமும் உள்ள சப்டைட்டில் கோப்பு) இருந்தால் போதும், நேரப் பொருத்தத்தை நானே சரிசெய்துகொள்வேன். சப்டைட்டிலோடு வந்த டிவிடி எதுவென்று தெரிந்தாலும் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.