மறு: ‘ரிசர்ச் டு ஆபரேஷன்ஸ்’ – என் பரிந்துரை ‘கொண்டுகொடுப்பு’

எல்லோருக்கும் வணக்கம். விண்வெளி வானிலையில், அதாவது சூரியனின் சீற்றத்தாலும் மேல்வானத்து மாற்றங்களாலும் ஜிபிஎஸ் போன்றவை பாதிக்கப்படுவதை ஆராயும் துறையில், ‘ரிசர்ச் டு ஆபரேஷன்ஸ்’ என்பதற்கு, அதாவது ஆய்வில் கண்டதை அன்றாடச் சேவைக்குக் கொண்டுவருவதற்கு, தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா? குழுவில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘ஆய்வுச் செயலாக்கம்’ போதுமே, இதை ஏன் இவ்வளவு இழுக்க வேண்டும்?

மன்னிக்கணும் ஐயா, போதாது. ஆய்வாளர் கண்டதை முன்னறிவிப்பு மையம் எடுத்துப் பயனர் கையில் சேர்ப்பது பாதி வேலைதான். அங்கே அது உதவியதா இல்லையா என்ற சேதி ஆய்வாளருக்குத் திரும்பிப் போவது மறுபாதி. விண்வெளி வானிலைக்கென்று அமெரிக்காவில் 2020-இல் வந்த சட்டமும் இரண்டு திசையையும் சொல்கிறது. ‘செயலாக்கம்’ என்றால் மேலே முடிவெடுத்துக் கீழே நிறைவேற்றுவது போலத்தான் காதில் விழுகிறது.

நான் கிருஷ்ணகிரியில் நில அளவை வேலை செய்கிறவன். 2024 மார்ச்சில் பர்கூர் பக்கம் ஒரு கல் குவாரியில் அளவு எடுத்துக்கொண்டிருந்தோம், பகலில் முடியாததால் பொழுது சாய்ந்தும் விடவில்லை. ஏழரை மணி இருக்கும், ஆர்டிகே கருவியில் (செயற்கைக்கோள் அலையை வைத்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தை அளப்பது) ‘ஃபிக்ஸ்’ என்ற துல்லிய நிலை போய் ‘ஃப்ளோட்’ என்ற தோராய நிலை வந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டருக்குள் நின்ற அளவு அரை மீட்டர் அலைந்தது. பேட்டரியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒப்பீட்டுக்காக ஒரே இடத்தில் நிற்கும் ‘பேஸ்’ கருவியை நிறுத்தியிருந்த முக்காலியைக்கூடத் தூக்கி வேறு பாறைமேல் வைத்துப் பார்த்தோம். பத்தரைக்கு மூட்டை கட்டினோம். மறுநாள் காலையில் பழைய கேபிளையே போட்டால் ஒரு குறையும் இல்லை.

அது அயனி மண்டலத்தின் (மேல்வானத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கு) வேலையாகத்தான் இருக்கும் என்று படித்த பிறகு தோன்றியது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கம் போகிறது, நாம் அதற்கு ரொம்பத் தள்ளி இல்லை. இந்தப் பகுதியில் சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பக்கம் நிலைகுலைந்து, அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும். அவற்றின் வழியே வரும் ஜிபிஎஸ் அலை நட்சத்திரம் மாதிரி மினுக்கும், கருவி அதைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், அதுவும் சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், அதிகம். 1938-லேயே இதன் தடயத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். திருநெல்வேலியிலும் திருப்பதி பக்கம் காதங்கி ரேடாரிலும் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வருகிறார்கள். காதங்கி எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் தாண்டினால் வந்துவிடும், ஆனாலும் அந்த அறிவு பர்கூர் குவாரிக்கு வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஜி1 முதல் ஜி5 வரை என்று அமெரிக்க விண்வெளி வானிலை மையம் தரும் அளவுகோல் காந்தப்புயலுக்கானது, அதாவது சூரியச் சீற்றத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்குவதற்கானது. 2024 மே 10-இல் ஜி5 வந்தபோது அமெரிக்காவில் ஜிபிஎஸ் தடுமாறி விதைப்பு டிராக்டர்கள் நின்றன, சரி. ஆனால் நம் குமிழிகள் கிளம்பப் புயலே வேண்டாம், அமைதியான நாளிலும் கிளம்பும். ஆகவே ‘இன்று புயல் இல்லை’ என்ற அறிவிப்பு எனக்கு உதவாது. ‘இன்று இருட்டியபின் அளவெடுக்காதே’ என்பதுதான் எனக்கு வேண்டிய வாக்கியம். எந்த மாதம் என்று சொல்வது எளிது, எந்த மாலை என்று சொல்வதுதான் ஆய்வாளருக்கு இன்னும் கடினம். என் கருவியிலோ எந்த நிமிடம் எந்தச் செயற்கைக்கோள் விட்டுப்போனது என்று பதிவே இருக்கிறது, அது ஆய்வாளரிடம் திரும்பிப் போகத்தான் வழியில்லை!

முதலில் ‘கடைமடைச் சேர்ப்பு’ என்று யோசித்தேன். கே.ஆர்.பி. அணைத் தண்ணீர் வாய்க்கால் கடைசி வயலுக்கு வந்து சேருமா என்று கவலைப்படுகிற ஊரில் யாருக்கும் விளக்கவே வேண்டாத சொல். ஆனால் தண்ணீர் மடையிலிருந்து அணைக்கு ஏறாது. அதனால் விட்டுவிட்டேன், மனசில்லாமல்தான். ‘கொடுக்கல் வாங்கல்’ வட்டிக் கணக்கை நினைவூட்டுகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களைக் ‘கொண்டான் கொடுத்தான்’ என்கிறோமே, அதில் இரு தரப்பும் சமம், உறவும் ஒரு நாளோடு முடிவதில்லை. அதனால் ‘ஆய்வு–சேவைக் கொண்டுகொடுப்பு’. நீளம் என்றால் வெறும் ‘கொண்டுகொடுப்பு’.

அப்புறம், தயவுசெய்து ‘பயனாளி’ வேண்டாம். அது திட்டத்தில் பெயர் சேர்த்து வாங்கிக்கொள்கிறவருக்கு ஆகிவிட்ட சொல். ‘பயனர்’ என்றே வைப்போம்.

அந்த மார்ச் மாதப் பதிவுகள் முழுதும் என் கணினியில் இருக்கின்றன. ஆய்வகத்தில் இருப்பவர் யாரையாவது குழுவில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், இன்றைக்கே அனுப்புகிறேன்.