அத்ராஹசிஸ் காவியத்தில் பெருவெள்ளம் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை?

கேள்வி:
வணக்கம். ஏறத்தாழ கி.மு. 17ஆம் நூற்றாண்டில், பாபிலோனில் அக்காடிய மொழியில் களிமண் பலகைகளில் பொறிக்கப்பட்ட அத்ராஹசிஸ் காவியத்தை மொழிபெயர்ப்பில் படித்தேன். மனிதர் பெருகி எழுப்பிய இரைச்சலால் உறக்கம் கெட்ட தெய்வங்களின் தலைவர் என்லில், முதலில் கொள்ளைநோயையும் பின்னர் வறட்சியையும் பஞ்சத்தையும் ஏவி, எதுவும் பலிக்காமல் போகவே ஏழு நாள் வெள்ளத்தை அனுப்புகிறார். விவிலியத்தின் ஆதியாகமத்தில் வரும் வெள்ளத்துக்குப் பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்றாவது காரணம் கூறப்படுகிறது. இங்கே உறக்கம் கெட்டதைத் தவிர வேறு குற்றம் எனக்குத் தென்படவில்லை. இரைச்சலைப் பாவத்தின் குறியீடாகக் கொள்ளலாமா?

மறுமொழி 1:
கொள்ளலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. கதையின் தொடக்கத்தில் ஆறுகளைத் தோண்டிச் சலித்த சிறுதெய்வங்கள் கருவிகளை எரித்துவிட்டு, நள்ளிரவில் என்லிலின் மாளிகையை முற்றுகையிடுகின்றன. கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இறைச்சியையும் குருதியையும் களிமண்ணோடு பிசைந்தே மனிதன் படைக்கப்படுகிறான். ஆகவே கலகக் குணம் மனிதனின் உடம்பிலேயே கலந்திருக்கிறது என்பது அவர்கள் தரப்பு.

மறுமொழி 2:
எனக்கு அந்த விளக்கம் நிறைவு தரவில்லை. இரைச்சலைக் குறிக்கும் 'ரிக்மு' என்ற அதே சொல்லால்தான் வேலைப்பளு தாங்காத அந்தத் தெய்வங்களின் கூக்குரலும் குறிக்கப்படுகிறது. அவற்றின் முறையீட்டில் நியாயம் இருப்பதாக மேலுலகமே ஒப்புக்கொள்கிறது. மேலும், மருந்தைப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும் அல்லவா? வெள்ளம் வடிந்தபின் மனிதருக்கு ஒழுக்க விதிகள் எவையும் அளிக்கப்படவில்லை. மாறாக, மலடு, பச்சிளங்குழந்தைகளைப் பறிக்கும் பேய், பிள்ளை பெறக் கூடாத பூசாரிணிகள் ஆகியவையே ஏற்படுத்தப்படுகின்றன. பெருக்கம்தான் சிக்கல், பாவம் அன்று.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இதன் நீதியை அக்காலத்தவர் எவருமே கேள்விக்கு உட்படுத்தவில்லையா?

மறுமொழி 2:
கேட்டிருக்கிறார்கள், அதுவும் தெய்வத்தின் வாயாலேயே. இதே வெள்ளக் கதையைச் சொல்லும் கில்காமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையில், குற்றம் செய்தவன்மேல் அவனவன் குற்றத்தைச் சுமத்து என்று ஞானத்தின் தெய்வமான ஏயா என்லிலைக் கடிந்துகொள்கிறார். வெள்ளத்துக்குப் பதிலாகச் சிங்கமோ ஓநாயோ பஞ்சமோ மக்களைக் குறைத்திருக்கலாமே என்றும் கேட்கிறார். அத்ராஹசிஸ் காவியத்தில், மனிதரைப் பிசைந்து உருவாக்கிய நிந்து தெய்வத்தின் புலம்பல் அதைவிடக் கடுமையானது. தன் மக்களின் உடல்கள் தும்பிகளைப்போல ஆற்றை நிறைத்துக் கிடப்பதைக் கண்டு அவள் அழுகிறாள். அந்த அழிவுக்கு உடன்பட்ட தெய்வங்களின் அவையில் தானும் இருந்ததை நினைத்தும் அழுகிறாள்.